மன்னிப்பு கேட்டால் பாடும் பெட்டி

போன செவ்வாய்க்கிழமை நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஆள். தோளில் துண்டு, கையில் ஒரு பை நிறைய பலாக்கொட்டை.

"சாறாக்குமா காரோட்டு உற்சவத்துல அம்மையட்ட மன்னிப்பு கேட்டு சத்தத்த நிறுத்துனது?"

அம்மனிடம் மன்னிப்பு கேட்டு நிறுத்திய சார் நான்தானா என்கிறார். ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"எங்க வீட்டுத் தண்ணி மோட்டாரு ஒரு மாசமா கூவுது சாறே. நாலு மெக்கானிக் பாத்தாச்சு. நீங்க ஒண்ணு வந்து தொட்டுக் கும்பிட்டியன்னா நின்னுபோவும்."

நல்லவேளை, பாறசாலை பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறினேன். ஏறுகிற அவசரத்தில் யாருடைய காலையோ மிதித்துவிட்டேன். என் கை தானாகப் போய் அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"கண்டியளா! அதாக்கும்! அந்தக் கையாக்கும்!" என்று பலாக்கொட்டைக்காரர் கீழே நின்று கத்தினார். பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

இதற்கெல்லாம் காரணம் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் பெயர் லூப்பர்.

அது என்ன என்று கேட்பீர்கள். நானும் மூன்று மாதம் முன்பு கேட்டேன். நீங்கள் எதை வாசித்தாலும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மின்சாரப் பெட்டி. எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டும் இதைத்தான் செய்கிறார் — ஆனால் பெட்டியை நிறுத்த ஒரு ஸ்விட்ச் உண்டு. அதோடு, அது திரும்பச் சொல்லும்போது அதன்மேல் நீங்கள் இன்னொன்றை வாசிக்கலாம். அதன்மேல் மற்றொன்று. ஒரே ஆள் வயலினைத் தட்டித் தாளம் போட்டு, நரம்பைச் சுண்டி இன்னொரு சத்தம் சேர்த்து, அதற்குமேல் வில் போட்டுப் பாட்டு வாசித்தால் கேட்பவனுக்கு நாலு பேர் வாசிப்பதாகத் தோன்றும்.

வாசிப்பவனுக்கு இரண்டு கையும் வேலை. அப்படியென்றால் ஸ்விட்சை எதால் போடுவது? காலால். அதற்காக ஒரு முழ நீளத்தில் இரும்புப் பலகை, அதில் வரிசையாக மிதிகட்டைகள். பலகையிலிருந்து ஒரு ஒயர் பெட்டிக்குப் போகும். எந்தக் கட்டையை மிதித்தால் பெட்டி என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே புரோகிராம் செய்துவைக்க வேண்டும்.

செய்துவைத்தது நான். அதனால்தான் இந்தக் கஷ்டம்.

பெட்டிக்குச் சொந்தக்காரன் சுகுமாரன். பாறசாலைக்காரன், முப்பத்திரண்டு வயது, வயலின். ஐந்து பேர் சேர்ந்து கானமேளா நடத்திக்கொண்டிருந்தார்கள். தபலாக்காரர் ஷார்ஜாவுக்குப் போனார். கீபோர்டுக்காரருக்கு டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்தது. கிடார்க்காரர் மாமனாரின் ரப்பர் எஸ்டேட்டைப் பார்க்கப் போனார். பாடகி கல்யாணமாகிப் பூனாவுக்குப் போய்விட்டாள். ட்ரூப்பில் மிஞ்சியது சுகுமாரனும் ட்ரூப்பின் பேர் எழுதிய பேனரும்தான்.

கோவளத்தில் ஒரு ஹோட்டல். வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது வாசிக்க ஆள் வேண்டுமாம். மேனேஜர் வர்கீஸ் என்பவர் சுகுமாரனிடம் சொல்லியிருந்தார்: "ஒருத்தன்தான் வேணும். ஆனா நாலு பேரு வாசிக்கிற மாதிரி இருக்கணும்." ஏனென்றால் மேடை போட்டிருப்பது இரண்டு தென்னைமரத்துக்கு நடுவில். நாலு பேர் நின்றால் ஒருவர் தேங்காய்க்கு நேர் கீழே நிற்கவேண்டி வரும்.

சுகுமாரனின் மனைவி லதா இதை மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்குக் கடிதமாக எழுதினாள். அண்ணன் அங்கே ஊருக்குத் திரும்பிப்போகும் ஒரு பிலிப்பினோ பாட்டுக்காரரிடமிருந்து இந்தப் பெட்டியையும் பலகையையும் வாங்கி, லீவில் வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு விசாவையும் அனுப்பினார். சூப்பர்மார்க்கெட் குடோனில் வேலை. மாதக் கடைசிக்குள் விமானம் ஏறியாக வேண்டும். "பெட்டியோ விசாவோ, எது ஒதவுமோ எடுத்துக்க மக்கா" என்று ஒரு துண்டுக் காகிதம்.

சுகுமாரன் என்ன செய்தான்? லதாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் ட்ராவல் ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டான்.

லதாவுக்கு அப்போது ஏழு மாதம்.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"சாறே, இதுல இங்கிலீஷ்ல ஒரு புஸ்தகம் கெடக்கு. நீங்க வாசிச்சு இவியளுக்குப் படிப்பிச்சுக் குடுக்கணும். காரோட்டு உற்சவத்துல இவிய வாசிப்பாவ, கேக்க அந்த மேனேஜர் வருவாரு. அவருக்குப் பிடிச்சா இவிய இஞ்ச இருப்பாவ. இல்லன்னா குடோனுக்குப் போவாவ. பிள்ளைக்கு அப்பன போட்டோவுல காட்டுறதுக்கு எனக்கு மனசில்ல."

இதைக் கேட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? என் வீட்டில் ஸ்டெபிலைசர் உண்டு, எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கையும் உண்டு. அன்றே முன் அறையைக் காலி செய்து பெட்டியை இறக்கிவிட்டோம். டிவி சமையலறைக்குப் போயிற்று. என் மனைவியிடம் கேட்டேனா என்றால்... அந்தச் சமயத்தில் அதற்கு நேரம் இல்லை.

புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்று நாளில் முடித்தேன். முதல் கட்டையை மிதித்தால் பெட்டி சத்தத்தைப் பிடிக்கத் தொடங்கும். அதையே மறுபடி மிதித்தால் பிடிப்பதை நிறுத்தி, பிடித்ததைச் சுற்றவிடும். இரண்டாவது கட்டை — மேலே அடுக்குவதற்கு. மூன்றாவது — எல்லாவற்றையும் நிறுத்துவதற்கு. சுகுமாரனுக்குக் குழம்பக்கூடாது என்று மூன்றுக்கும் மூன்று நிறத்தில் அடையாளம் வைத்தேன். சிவப்பு, பச்சை, கறுப்பு. என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து எடுத்தது.

இது நான் செய்த முதல் தப்பு.

சுகுமாரன் முக்காலியில் உட்கார்ந்தான். வயலினைத் தோளில் வைத்தான். முன்னால் மைக். வலது காலைத் தூக்கினான். பலகையைப் பார்த்தான். காலைக் கீழே வைத்துவிட்டான்.

"பொட்டு வெச்சிருக்கே சாறே."

"ஆமா, அடையாளத்துக்கு."

"பொட்டு வெச்ச எடத்துல எப்பிடி மிதிக்கது?"

பொட்டைப் பிய்த்தேன். லதா ஓடிப்போய் மூன்று நிறத்தில் இன்சுலேஷன் டேப் வாங்கி வந்து ஒட்டினாள். மறுபடி உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு சிவப்பை மிதித்தான். மிதித்த அடுத்த நொடி "அம்மே" என்று குனிந்து, வில் பிடித்த கையாலேயே அந்தக் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பிலிப்பினோக்காரர் வருஷக்கணக்கில் மிதித்துத் தளர்ந்துபோன ஸ்விட்ச் அது. விரல் பட்டாலே அழுந்தும். கால் பட்டது ஒன்று, கை பட்டது இரண்டு. பெட்டி என்ன நினைக்கும்? பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தது. இடையில் கேட்ட அந்தச் சின்னஞ்சிறு சத்தத்தைச் சுற்றவிட்டது.

"மே... மே... மே... மே... மே..."

பக்கத்து வீட்டு ஆடு பதில் சொல்லத் தொடங்கியது. லதா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். பேசாமல் இருக்கிறவள் சிரிக்கலாமா, கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை.

நான் கத்தினேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், உங்களுக்குத் தெரியும். "எலே சுகுமாரா! இது ஸ்விட்சு! வீட்டுல ஃபேன் ஸ்விட்சு போடுதப்ப கும்பிடுவியா?"

"ஃபேன கையால இல்லியா போடுது?"

"சரி, காலால போட்டா?"

"போட்டா கும்பிடத்தான் செய்யணும். இது சங்கீதமாக்கும் சாறே. சத்தம் வரக்கூடியதை மிதிச்சா கை தன்னால போவும். நான் என்ன செய்ய?"

நானும் விடவில்லை. "கச்சேரி வயலின்காரர் எல்லாம் தரையில உக்காந்து வயலினுக்க தலைய காலுமேல வெச்சுத்தானே வாசிக்குது? நீயும் அப்பிடித்தானே படிச்சது? அதுக்கு மன்னிப்பு கேட்டியா?"

அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அது வயலின் வந்து காலுல உக்காருது. நாம மிதிக்கல்ல."

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அந்த வாரம் முழுவதும் வழி தேடினோம். செருப்பு போட்டுக்கொண்டால் தோல் படாதே என்றேன். "கால் பட்டாலே பாவம், இதுல செருப்பு வேறயா!" என்று பதறிப்போனான். அதோடு கோயில் மேடையில் செருப்புக்கு அனுமதியும் கிடையாது. பலகைமேல் ஒரு தோர்த்துத் துண்டை விரித்தோம். தோர்த்தைத் தொட்டுக் கும்பிட்டான். பலகையை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தச் சொன்னேன். இரண்டு கட்டை சேர்ந்து அழுந்தி, பெட்டி ஒரு மாதிரி அலறியது. நடனம் ஆடுகிறவர்கள் ஆடுவதற்கு முன்னால் பூமியைத் தொட்டு மொத்தமாக ஒரு மன்னிப்பு கேட்டுவிடுகிறார்களே, அப்படிச் செய் என்றேன். நல்ல யோசனை என்று ஒத்துக்கொண்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பலகைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான். பிறகு மிதித்தான்.

"மே... மே... மே..."

"மனசுக்குத் தெரியுது சாறே. கைக்குத் தெரியல்ல," என்றான். கண் கலங்கியிருந்தது.

லதா கதவோரம் நின்றிருந்தாள். அவனிடம் பேசுவதில்லை அல்லவா, அதனால் என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு இரும்புப் பலகைய மிதிச்சதுக்கு ஆயிரம் மன்னிப்பு கேட்டாச்சு சாறே. எனக்கிட்ட கேக்காம பாஸ்போர்ட்ட குடுத்ததுக்கு ஒண்ணு உண்டா?"

சுகுமாரன் வில்லுக்குப் பிசின்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்ந்துபோகும் அளவுக்குத் தேய்த்தான்.

அன்றைக்கு நான் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். கடைசியில் கோளாறுகளுக்கு ஒரு பக்கம் உண்டு. சத்தம் வரவில்லையா, ஒயரைப் பாருங்கள். விளக்கு எரியவில்லையா, ப்ளக்கைப் பாருங்கள். இதை உண்டாக்கியவர்கள் தூசி, ஈரம், வெயில், பிள்ளைகள் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள். பக்தியை யோசிக்கவில்லை. உலகத்தில் ஒரு மூலையில் ஒருவன் இதை மிதித்துவிட்டு இதனிடமே மன்னிப்பு கேட்பான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் முதல் அழுத்தத்துக்குப் பெட்டிக்கு ஒரு கட்டளை, அடுத்த அழுத்தத்துக்கு வேறொரு கட்டளை என்று பிரித்துக் கொடுக்கலாம்.

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். கையைத் தடுக்க முடியாது. சரி, தடுக்கவேண்டாம். கையையே வேலைக்கு எடுத்துக்கொள்வோம்!

முதல் அழுத்தத்தின் கட்டளையை எதற்கும் ஆகாமல் வைத்தேன். பெட்டி அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். இரண்டாவது அழுத்தத்தில்தான் வேலை நடக்கும். அதாவது கால் மிதித்தால் ஒன்றும் ஆகாது. மிதித்துவிட்டு மன்னிப்பு கேட்டால்தான் பெட்டி பிடிக்கும், அடுக்கும், நிற்கும்.

சுகுமாரனிடம் விளக்கினேன். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்பம் பெட்டிக்கும் அதுதான் வேணும் இல்லியா சாறே?"

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. தாளத்தின் எட்டாவது தட்டில் கால், அடுத்த சுற்றின் முதல் தட்டில் கை — அப்படிப் பழகினான். கை பலகையிலிருந்து கண்ணுக்குப் போய் நரம்புக்குத் திரும்ப அரைத் தட்டு நேரம் ஆகும். அதனால் அரைத் தட்டு தள்ளித் தொடங்கும் பாட்டுகளாகவே தேர்ந்தெடுத்தான். சில தடவை வில்லின் நுனி காதைக் குத்தியது, சில தடவை என் மூக்கைக் குத்தியது. பத்து நாள் காலையும் மாலையும் என் முன் அறையில் இது நடந்தது. என் மனைவி ஞாயிற்றுக்கிழமைப் படத்தை அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே பார்த்தாள். அவளுடைய தங்கை வருவதாக இருந்ததை நான்தான் அப்புறம் வரச் சொல்லிவிட்டேன்.

உற்சவம் வந்தது. காரோடு என்ற ஊர்ப் பக்கம் ஒரு அம்மன் கோயில். மாலை ஆறரைக்கு சுகுமாரன் மேடை ஏறினான். லதா முன்வரிசையில் மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வர்கீஸ் மூன்றாவது வரிசையில், வெள்ளைச் சட்டையில். நான் மேடைக்குக் கீழே ஓரமாக நின்றேன். விமானம் ஏற இன்னும் ஐந்தே நாள் இருந்தது.

முதல் பாட்டு அருமை. கால், கை, கண். வயலினைத் தட்டினான். மறுபடி கால், கை, கண் — தாளம் சுற்றத் தொடங்கியது. கால், கை, கண். நரம்பைச் சுண்டினான். கால், கை, கண். வில்லை இழுத்தான். மேடையில் ஒரு ஆள், காதில் நாலு ஆள்! கூட்டம் எட்டிப் பார்த்தது. மேடைக்குப் பின்னால் ஆள் ஒளிந்திருக்கிறதா என்று இரண்டு பேர் சுற்றிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வர்கீஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது பாட்டின் நடுவில் உற்சவ கமிட்டி பிரசிடென்ட் மேடை ஏறினார்.

பிரசிடென்ட் சதாசிவன் நல்ல மனிதர். ஆனால் பாட்டு முடியட்டும் என்று காத்திருந்து பொன்னாடை போர்த்திய பிரசிடென்டை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? பெட்டி தாளத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, அவர் சுகுமாரனுக்குப் பொன்னாடை போர்த்தினார், மாலை போட்டார். வயலினும் வில்லும் இடது கையில் இருக்க, வலது கையில் ஒரு பித்தளை நிலவிளக்கை, அதாவது குத்துவிளக்கை, கொடுத்தார். பிறகு ஒரு அடி முன்னால் வைத்தார். அந்த அடி பச்சை டேப்பின்மேல் விழுந்தது.

பிரசிடென்ட் துள்ளிவிட்டார். எதையோ மிதித்துவிட்டோமே! உடனே குனிந்து, மிதித்த இடத்தைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

பச்சை என்றால் அடுக்கு. பெட்டி அவருடைய மன்னிப்பை ஏற்றுக்கொண்டது.

அவருக்கு இதெல்லாம் தெரியுமா? எதிரே இருந்த வயலின் மைக்கைப் பிடித்தார். "பக்தஜனங்களே, ஒரு முக்கிய அறிவிப்பு. வெள்ளை அம்பாசடர் காரு ஒண்ணு ஆனை வாற வழியில கெடக்கு. உடையவரு ஒடனே எடுத்து மாத்தணும்."

சொல்லி முடித்து வாயை மூடினார். "வெள்ளை அம்பாசடர் காரு ஒண்ணு" என்றது ஸ்பீக்கர். அவருடைய குரலில். தாளத்தோடு.

பிரசிடென்ட் திரும்பிப் பார்த்தார். "யாருலே அது எனக்க சத்தத்துல பேசது?"

அதுவும் சேர்ந்துகொண்டது. அடுத்த சுற்றில், "வெள்ளை அம்பாசடர்... யாருலே அது... ஆனை வாற வழியில... எனக்க சத்தத்துல."

"நிறுத்துங்கலே!" என்று கத்தினார். அடுத்த சுற்றில் இரண்டு பிரசிடென்ட் சேர்ந்து அம்பாசடரை எடுக்கச் சொன்னார்கள், ஒருவர் நிறுத்தச் சொன்னார். அதைக் கேட்டு அவர் மறுபடி கத்த, மூன்று, நாலு, ஆறு... ஒரு கமிட்டி முழுக்கப் பிரசிடென்டுகள் ஆகிவிட்டார்கள். எல்லாரும் தாளம் பிசகாமல் பேசினார்கள். அவர் சும்மா இருந்தால் அடங்கியிருக்கும். சும்மா இருக்கத் தெரிந்தால் ஏன் பிரசிடென்ட் ஆகிறார்?

கூட்டத்தில் சில பெண்கள் "அம்மே, தேவியே" என்று எழுந்து நின்றுவிட்டார்கள். வெளியே யானை பிளிறியது. அதையும் மைக் பிடித்துக்கொண்டது. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு யானை.

நான் சுகுமாரனைப் பார்த்தேன். கறுப்பு! கறுப்பைப் போடு! அவன் கண்ணால் தன் கைகளைக் காட்டினான். ஒன்றில் வயலினும் வில்லும், மற்றதில் நிலவிளக்கு. தொட்டுக் கும்பிடக் கை இல்லாமல் அவன் கால் வைக்கமாட்டான். கோவளம் போனாலும், மஸ்கட் வந்தாலும், மாட்டான். விளக்கைக் கீழே வைக்கலாமே என்றால் — அம்மன் விளக்கை வெறுந்தரையில் வைக்க மாட்டானாம். முன்வரிசையில் லதா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

வர்கீஸின் நாற்காலியைப் பார்த்தேன். காலி.

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மேடைமேல் தாவினேன். பிரசிடென்டை ஓரமாகத் தள்ளினேன். "நில்லு சனியனே!" என்று கறுப்பை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன்.

நிற்கவில்லை. சனியனே என்பது மட்டும் அடுத்த சுற்றில் சேர்ந்துகொண்டது. அம்மன் சந்நிதியில், ஆயிரம் பேருக்கு முன்னால், தாளத்தோடு.

நானே எழுதிய புரோகிராம்... எனக்கே மறந்துவிட்டது பாருங்கள். முதல் அழுத்தம் எதற்கும் ஆகாது. இன்னொரு தடவை மிதித்திருந்தால் போதும். ஆனால் எனக்கு அது தோன்றவே இல்லை. நான் வேதக்காரன். சின்ன வயதில் பைபிளில் கால் பட்டால் எடுத்து முத்தம் கொடுக்கச் சொல்வாள் அம்மா. அதையெல்லாம் விட்டு இருபது வருஷமாகிறது என்று சுகுமாரனிடம் தினமும் ஒரு தடவை பெருமை பேசியிருக்கிறேன். எப்போது குனிந்தேன் என்று எனக்குத் தெரியாது. என் கை போய் அந்தக் கறுப்பு டேப்பைத் தொட்டது, கண்ணில் ஒற்றிக்கொண்டது.

எல்லாம் நின்றது. பிரசிடென்டுகள், யானை, சனியன், எல்லாம். மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை.

பிறகு கூட்டம் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டது. பெட்டியையா, அம்மனையா, என்னையா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. பலாக்கொட்டைக்காரர் அந்தக் கூட்டத்தில்தான் எங்கோ நின்றிருக்கிறார்.

வர்கீஸ் போய்விட்டார் என்றே நினைத்தேன். லதாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கால்மணி நேரம் கழித்து அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். வெள்ளை அம்பாசடர் அவருடையதாம். சிரித்துச் சிரித்துச் சாவி துவாரத்தில் போகவில்லையாம். உட்கார்ந்து, "இனி வாசிக்கட்டே" என்றார். சுகுமாரன் இன்னும் நாலு பாட்டு வாசித்தான், ஒரு பிசகும் இல்லாமல்.

முடிந்ததும் வர்கீஸ் மேடைக்குப் பின்னால் வந்தார். "ஒண்ணாம் தேதி தொடங்காம்," என்றார். அதாவது வேலை நிச்சயம். "பக்ஷே ஒரு காரியம். ஆ குனிஞ்ஞு மாப்பு சோதிக்கல் உண்டல்லோ, அது விடருது." குனிந்து மன்னிப்பு கேட்பதை மட்டும் விட்டுவிடக்கூடாதாம். வெள்ளைக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்குமாம்.

"விடணும்ணு நெனச்சாலும் விடாது சாறே," என்றான் சுகுமாரன்.

அவர் போன பிறகு அவன் லதாவின் முன்னால் போய் நின்றான். விளக்கை என் கையில் கொடுத்தான். மறுபடி வாங்கிக்கொண்டான். மறுபடி கொடுத்தான். தவித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தபோது அவன் கால் அவள் காலில் பட்டுவிட்டது. கை தானாகப் போயிற்று. தொட்டான், கண்ணில் ஒற்றினான்.

மூன்று வாரத்தில் முதல் தடவையாக லதா அவனிடம் பேசினாள்.

"இது கால் பட்டதுக்கா, பாஸ்போர்ட்டுக்கா?"

அவன் மறுபடி குனிந்து அவள் காலைத் தொட்டான். இந்தத் தடவை கால் படவில்லை.

"அது காலுக்கு. இது பாஸ்போர்ட்டுக்கு."

லதா அழுதுவிட்டாள். நான் நிலவிளக்கைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். மறுநாள் காலையில் பாறசாலை எஸ்டிடி பூத்திலிருந்து மஸ்கட்டுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பேசியது லதா.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. புத்தகம், நாணயம், வாத்தியம், பஸ்ஸில் பக்கத்து ஆளின் கால் — எதை மிதித்தாலும் நம் கை தவறாமல் போய்விடுகிறது. ஆனால் ஒரே வீட்டில் இருக்கிறவர்களை மிதிக்கக் கால் வேண்டியதில்லையே. அதனால்தானோ என்னவோ, கைக்கு விஷயமே தெரிவதில்லை.

இதை எழுதி முடித்ததும் வழக்கம்போல என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். பொட்டு அட்டை வருகிற இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். டிவி வருகிற இடத்தில் ஒரு தடவை. தங்கை வருகிற இடத்தில் கொஞ்ச நேரம்.

படித்து முடித்துவிட்டு, காலை என் பக்கமாக நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.